கைடு ரெயிலுக்குக் கிளாம்ப் வாங்குமுன் பள்ளத்தை அளந்துவிடுங்கள்

டிராக் சா என்பது கைடு ரெயில் என்ற அலுமினியப் பட்டையின் மேல் ஓடி நேராக வெட்டும் மின்ரம்பம். அதை வாங்கும்போது ரம்பத்தையும் ரெயிலையும் பார்த்துப் பார்த்து வாங்குகிறோம். ரெயிலைப் பலகையோடு பிடித்துவைக்கும் கிளாம்ப்பை மட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் விட்டேன். ரெயிலின் அடியில் ஒட்டியிருக்கும் ரப்பர் பட்டைகளே போதும் என்று நினைத்தேன். பிளைவுட் மேல் ரெயிலை வைத்துக் கையால் தள்ளிப் பார்த்தால் அசையவே அசையாது. பிறகு எதற்குக் கிளாம்ப்?

ஒருநாள் மைக்கா ஒட்டிய 18 எம்எம் பலகையில் அலமாரிக் கதவு வெட்டிக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு வெட்டும் அருமையாக வந்தன. மூன்றாவதில் முக்கால் தூரம் போயிருப்பேன், தூசி உறிஞ்சும் குழாய் ரெயிலின் பின்முனையில் மாட்டிக்கொண்டது. ரம்பம் திணறுகிறது என்று நினைத்துக் கொஞ்சம் அழுத்தித் தள்ளினேன். ரெயிலின் பின்முனை ஒரு நூல் விலகிவிட்டது. ஒரு நூல் என்பது 3 எம்எம் சொச்சம்தான். ஆனால் இரண்டு கதவுகள் சேரும் இடத்தில் அந்த ஒரு நூல் வாசலிலிருந்தே தெரியும். அந்தக் கதவை மறுபடி வெட்ட வேண்டியதாயிற்று.

ரெயிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தபோது காரணம் புரிந்தது. ரப்பர் பட்டையில் மாவு போல மரத்தூள் படிந்திருந்தது. மைக்காவோ கண்ணாடி மாதிரி வழவழப்பு. தூள் படிந்த ரப்பர் வழவழப்பான பரப்பில் பிடிக்காது. அன்றிலிருந்து சுத்தமான பிளைவுட்டில் நேர்வெட்டு போடும்போது மட்டும்தான் கிளாம்ப் இல்லாமல் வெட்டுகிறேன். மைக்கா, குறுகலான துண்டு, சாய்வெட்டு, பாதியில் நிறுத்தித் தொடரும் வெட்டு, இவை எதுவானாலும் இரண்டு கிளாம்ப் போட்டுவிடுவேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இந்தக் கிளாம்ப்பின் வேலை ரெயிலைப் பலகையோடு நசுக்கிப் பிடிப்பது அல்ல. ரெயில் பக்கவாட்டில் நகராமல் இருந்தால் போதும். அதனால் தடிமனான, கனமான கிளாம்ப்பைத் தேடிப் போக வேண்டாம். பொருந்துகிற கிளாம்ப்தான் வேண்டும்.

படி 1: ரெயிலைத் திருப்பிப் போடுங்கள்

அடிப்பக்கத்தில் ரெயிலின் நீளம் முழுக்க ஒரு பள்ளம் ஓடும். கிளாம்ப்பில் ஒரு தண்டு, அதன் மேல்முனையில் ஒரு கை, கீழே பலகையை அழுத்தும் பாதம் இருக்கும். மேல்கை இந்தப் பள்ளத்துக்குள்தான் போகும். ரெயிலின் முனை வழியாக நுழைத்து, பலகையின் ஓரம் வரை தள்ளிக் கொண்டுபோக வேண்டும். மேல்கை முழுவதும் ரெயிலுக்கு அடியிலேயே இருந்துவிடுவதால், மேலே ஓடும் ரம்பத்துக்கு எதுவும் குறுக்கே வராது.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வீட்டில் இருக்கும் எஃப் கிளாம்ப்பை எடுத்துப் பார்ப்பார்கள். அதன் வார்ப்பிரும்புத் தலை தடிமனாக இருக்கும், பள்ளத்துக்குள் போகவே போகாது. ஜி கிளாம்ப்பும் அப்படித்தான். ரெயிலின் மேலே போட்டு இறுக்கலாமே என்றால், ரம்பம் அதில் போய் இடிக்கும். ரெயில் அலுமினியம் என்பதால் நெளியவும் செய்யும். மேல்கை தட்டையாக, மெல்லிசாக இருக்கும்படி ரெயிலுக்கென்றே செய்த கிளாம்ப்தான் வேண்டும்.

படி 2: பள்ளத்தை அளங்கள்

வெர்னியர் (நுட்பமாக அளக்கும் கருவி) இருந்தால் பள்ளத்தின் வாய் அகலத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் கவலை இல்லை. 1 எம்எம் மைக்காவின் வெட்டுத் துண்டுகள் பட்டறையில் கண்டிப்பாகக் கிடக்கும். அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் பள்ளத்தின் வாயில் நுழையுங்கள். கடைசித் துண்டு லேசாக உரசிக்கொண்டு நுழையும் வரை சேர்த்துக்கொண்டே போங்கள். எத்தனை துண்டோ அத்தனை எம்எம். அந்த அடுக்கை அப்படியே ஒட்டுநாடாவில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் கடையில் கிளாம்ப்பின் கையோடு வைத்துப் பார்க்கலாம். கிளாம்ப்பின் கை அரை எம்எம் மெலிந்திருந்தால் நல்லது, தாராளமாக நகரும். சரியாக அடைத்துக்கொள்ளும் கை வேண்டாம். கொஞ்சம் தூள் சேர்ந்தால் அது உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

பிராண்டைப் பொறுத்தவரை எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மகிட்டா, ஃபெஸ்டூல் ரெயில்களுக்கான கிளாம்ப்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும். பாஷ் எஃப்எஸ்என் ரெயிலும் மாஃபெல் ரெயிலும் ஒரே அமைப்பு. டிவால்ட் ரெயிலுக்கு இரண்டு பக்கமும் வெட்டு விளிம்பு உண்டு, அமைப்பே வேறு. பெஸ்ஸியின் ஜிடிஆர் வகைக் கிளாம்ப்பும் இந்த மாதிரிப் பள்ளங்களை மனத்தில் வைத்துச் செய்ததுதான். இருந்தாலும் பெயரை மட்டும் நம்பிக் காசைக் கொடுக்காதீர்கள், அளந்த பிறகு வாங்குங்கள்.

படி 3: கிளாம்ப்பின் வாய் எவ்வளவு திறக்க வேண்டும்?

இது எளிய கூட்டல்தான். பலகை 18 எம்எம். அதன் அடியில் வெட்டைத் தாங்க 50 எம்எம் நுரைப்பலகை போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 68. ஃபெஸ்டூலின் எஃப்எஸ்இசட் 120 கிளாம்ப் 120 எம்எம் வரை திறக்கும், அதற்குத் தாராளம். பலகையோடு சேர்த்து மேசையின் சட்டத்தையும் பிடிக்க வேண்டுமானால் 160 வேண்டியிருக்கும். 300 எம்எம் திறக்கிற கிளாம்ப்பும் கிடைக்கிறது. ஆனால் தொடக்கத்தில் அதற்கு வேலை இருக்காது. நீண்ட தண்டு அடியில் தொங்கி மேசைக் காலிலும் நம் முழங்காலிலும் இடித்துக்கொண்டே இருக்கும்.

நுரைப்பலகை போடுபவர்களுக்கு ஒரு விஷயம். கிளாம்ப்பின் பாதத்தை நேராக நுரையில் வைத்து இறுக்கினால் நுரை அமுங்கும். அமுங்க அமுங்கப் பிடி தளரும். பாதத்துக்கும் நுரைக்கும் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளைவுட் துண்டு வையுங்கள். இன்னும் நல்லது, ஓரத்தில் நுரையைச் சற்று உள்ளே தள்ளிப் போட்டு, கிளாம்ப் பலகையை மட்டும் பிடிக்கும்படி செய்வது.

படி 4: கை எவ்வளவு தூரம் உள்ளே எட்டுகிறது?

வாய்த்திறப்பைப் பார்க்கிறவர்கள் இதைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். தண்டிலிருந்து பாதம் எவ்வளவு உள்ளே போகிறது என்பதுதான் இது. பெஸ்ஸி ஜிடிஆர்16எஸ்6 கிளாம்ப்பில் திறப்பு 160 எம்எம், எட்டும் தூரம் 60 எம்எம். பலகை ஓரத்திலிருந்து 60 எம்எம் உள்ளே பிடித்தால் சாதாரண வேலைக்குப் போதும். அதைவிடக் குறைந்தால் பிடி பலகையின் ஓரத்திலேயே நின்றுவிடும், இறுக்கும்போது ஓரம் நசுங்கவும் வாய்ப்பு உண்டு.

இங்கே ரெயிலின் நீளமும் கணக்கில் வரும். நம் ஊர் பிளைவுட் 8 அடிக்கு 4 அடி, அதாவது 2440 க்கு 1220 எம்எம். 1400 எம்எம் ரெயிலை 4 அடி அகலத்தில் குறுக்கே வைத்தால் 180 எம்எம் மிச்சம். நான் தொடங்கும் பக்கம் 120, முடியும் பக்கம் 60 என்று நீட்டி வைப்பேன். தொடங்கும் பக்கம் ரம்பத்தின் அடித்தட்டு ரெயிலில் நன்றாக உட்கார இடம் வேண்டும். முடியும் பக்கமும் கிளாம்ப்பை நுழைக்கக் கொஞ்சம் நீட்டல் வேண்டும். ரெயிலும் பலகையும் ஒரே நீளமாக இருந்தால் இரண்டுக்குமே இடம் இருக்காது. 8 அடிக்கு நீளவாக்கில் வெட்ட வேண்டுமானால் இரண்டு 1400 ரெயில்களை இணைப்புத் தண்டால் சேர்த்துக்கொள்ளலாம். அப்போதும் இரண்டு முனைகளில் இரண்டு கிளாம்ப்தான்.

படி 5: திருகா, நெம்புகோலா?

என் கருத்து, முதல் ஜோடி திருகு வகையாக இருக்கட்டும். எவ்வளவு இறுகுகிறது என்பது விரலுக்குத் தெரியும். கால் சுற்று கூட்டலாம், கால் சுற்று குறைக்கலாம். விலையும் குறைவு. நெம்புகோல் வகை வேகமானது, ஒரே கையால் பூட்டிவிடலாம். ஒரு நாளில் முப்பது நாற்பது வெட்டு போடுகிறவருக்கு அது வரம். ஆனால் நெம்புகோல் சுழலப் பலகைக்கு அடியில் இடம் வேண்டும். தரையில் கட்டை போட்டு அதன்மேல் பலகையை வைத்து வெட்டுகிறவர்களுக்கு அந்த இடம் கிடைப்பதில்லை.

எந்த வகையானாலும் பாதம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அது சாய்ந்து கொடுக்க வேண்டும், மேலே பிளாஸ்டிக் மூடி இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் மைக்கா ஒட்டிய பலகையில் வெறும் இரும்புப் பாதம் வட்டமாகத் தடம் பதித்துவிடும். மூடி இல்லாவிட்டால் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள்.

படி 6: புது ரெயிலின் முதல் வெட்டு

கிளாம்ப் வந்ததும் முதலில் செய்ய வேண்டியது இது. புது ரெயிலின் விளிம்பில் ஒரு ரப்பர் பட்டை கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சிலாம்பு பெயராமல் காப்பது அதுதான். முதல் ஓட்டத்தில் உங்கள் ரம்பமே அதை வெட்டிச் சரியான அளவுக்குக் கொண்டுவரும். அதன்பின் பட்டையின் விளிம்பு எங்கே நிற்கிறதோ அங்கேதான் வெட்டு விழும். பென்சில் கோட்டில் பட்டையை வைத்தால் போதும், கூட்டிக் கழிக்கத் தேவையில்லை.

இந்த முதல் ஓட்டத்தில் ரெயில் அசைந்தால் பட்டை வளைந்து வெட்டுப்படும். பட்டையை மாற்றும் வரை கோட்டுக்கும் வெட்டுக்கும் ஒத்தே வராது. அதனால் ரெயிலின் நீளத்துக்குச் சற்றுக் குறைவான ஒரு கழிவுப் பலகையில் ரெயிலை வைத்து, இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டு, ஒரே சீரான வேகத்தில், நடுவில் நிறுத்தாமல் தள்ளுங்கள். வெட்டிய பட்டை ஒரு நீண்ட கறுப்பு நூலாகச் சுருண்டு விழும். அது ஒரே அகலத்தில் இருந்தால் வேலை சரி.

படி 7: இனி ஒவ்வொரு வெட்டுக்கும்

ரப்பர் பட்டைகளை ஈரத் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பலகையின் இரண்டு ஓரத்திலும் பென்சில் குறி போடுங்கள். ரெயில் நமக்கு வேண்டிய துண்டின் மேல் இருக்கட்டும், கழியப் போகும் பக்கம் தனியாக விடுபடட்டும். ஆனால் அந்தக் கழிவுத் துண்டுக்கும் அடியில் தாங்கல் வேண்டும்.

கிளாம்ப்களைப் பள்ளத்தில் நுழைத்து, தண்டு பலகை ஓரத்தைத் தொடும் வரை தள்ளுங்கள். தூரத்து முனையை லேசாக இறுக்குங்கள். பக்கத்து முனையைக் குறியில் வைத்து இறுக்குங்கள். மறுபடி தூரத்து முனைக்குப் போய் முழுதாக இறுக்குங்கள். இப்போது இரண்டு குறிகளையும் இன்னொரு தடவை பாருங்கள். திருகு சுற்றும்போது ரெயிலை அரை எம்எம் இழுத்துவிடுவது சாதாரணமாக நடக்கும். விரலால் இறுக்கி, அதற்குமேல் அரைச் சுற்று போதும். முழு பலத்தில் இறுக்கினால் ரெயிலின் முனை கீழே வளைந்து நடுப்பகுதி தூக்கிக்கொள்ளும்.

வெட்டின் ஆழம் பலகையைத் தாண்டி 3 முதல் 5 எம்எம் போதும். ரெயிலின் தடிமனை அளவுகோலில் சேர்க்க வேண்டுமா என்பதை உங்கள் ரம்பத்தின் கையேட்டில் பாருங்கள், மாடலுக்கு மாடல் மாறும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரம்பத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சும்மா தள்ளிப் பாருங்கள். மோட்டார் எதிலாவது இடிக்கிறதா, குழாயும் வயரும் எங்கே மாட்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும். குழாயைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். என் கதவு வீணானதற்குக் குழாய் மாட்டிக்கொண்டதும் ஒரு காரணம்.

சாய்வெட்டில் கூடுதல் கவனம் வேண்டும். 45 டிகிரி சாய்த்தால் ரம்பத்தின் உடல் ரெயிலுக்கு வெளியே சாயும், வெட்டும் தகட்டின் நுனி ரெயிலுக்கு அடியில் உள்நோக்கி வரும். கிளாம்ப்பின் பாதமும் தண்டும் அந்த வழியில் இல்லை என்று கீழே குனிந்து கண்ணால் பார்த்த பிறகுதான் சுவிட்சைத் தொட வேண்டும். மகிட்டாவின் எஸ்பி6000 போன்ற ரம்பங்களில் ரெயிலிலிருந்து கவிழாமல் பிடிக்க ஒரு சிறு நெம்பு இருக்கிறது. அதைப் பூட்டிக்கொள்ளுங்கள்.

வெட்டு முடிந்ததும் தகடு முழுதாக நிற்கும் வரை ரம்பத்தை எடுக்காதீர்கள். பிறகு கிளாம்ப்பை அவிழ்க்குமுன் வெட்டின் இரண்டு முனையையும் அளந்து பாருங்கள். அரை எம்எம் சீவ வேண்டியிருந்தால், ரெயில் இன்னும் அதே இடத்தில் இருக்கும்போது நகர்த்துவதுதான் சுலபம்.