பனி முன்னறிவிப்பில் முதலில் உயரத்தைப் பாருங்கள்

கோலாலம்பூரில் 32 பாகை வெயில் அடிக்கும் நேரத்தில் கெந்திங் மலையில் 20 பாகையை ஒட்டித்தான் இருக்கும். காரில் போனால் ஒரு மணி நேரம். ஆனால் இடையில் ஏறத்தாழ 1,700 மீட்டர் ஏற்றம். சராசரியாக 100 மீட்டருக்கு 0.65 பாகை குறைகிறது. பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய முதல் கணக்கு இதுதான். கைப்பேசி வானிலைச் செயலியில் ஊர்ப்பெயரைத் தட்டினால் வருவது பெரும்பாலும் அடிவார ஊரின் வெப்பநிலை. நீங்கள் சறுக்கப்போவது அதற்குப் பல நூறு மீட்டர் மேலே.

நம்மவர்கள் அதிகம் போகும், ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள நிசெகோவையே எடுத்துக்கொள்வோம். அடிவாரம் ஏறத்தாழ 300 மீட்டர். அன்னுபுரி மலையுச்சி 1,308 மீட்டர். இடைப்பட்ட 1,000 மீட்டருக்கு ஆறரை பாகை. கீழே 2 பாகை என்றால் உச்சியில் மைனஸ் 4.5. ஒரே மேகம் கீழே தூறலாகவும் மேலே பனியாகவும் இறங்கும். அடிவாரம், நடுமலை, உச்சி என்று மூன்று உயரத்துக்கும் தனித்தனியாகக் கணிப்புத் தரும் தளத்தையே பயன்படுத்துங்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது உறைநிலை உயரம், அதாவது காற்று 0 பாகையைத் தொடும் மட்டம். உறைநிலை 900 மீட்டர், பொழிவு 12 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பனித்துகள் உருகி முடியச் சற்று தூரம் பிடிக்கும் என்பதால் அந்த மட்டத்துக்குக் கீழேயும் 200 முதல் 300 மீட்டர் வரை பனியாகவே விழும். ஆக, சுமார் 650 மீட்டருக்கு மேலே பனி, கீழே மழை. பயிற்சித் தளமோ 300 மீட்டரில் இருக்கிறது. முதன்முறை சறுக்க வந்த குடும்பம் அன்று முழுக்க மழையில்தான் நிற்கும். அறிக்கையில் ‘புதிய பனி 12 செ.மீ.’ என்று இருந்தால் அது தவறில்லை. அது உச்சியின் கணக்கு.

மில்லிமீட்டர் எப்படிச் சென்டிமீட்டர் ஆகிறது? பொது வாய்பாடு 1-க்கு 10: 1 மி.மீ. நீர், 1 செ.மீ. பனி. ஆனால் இது குளிரைப் பொறுத்து மாறும். 0 பாகையை ஒட்டி விழும் ஈரப்பனி 5 முதல் 8 மடங்குதான் வரும். மைனஸ் 8, மைனஸ் 10-இல் ஹொக்கைடோவில் விழும் காய்ந்த பனி 15, 20 மடங்கு வரை எழும்பும். அதே 12 மி.மீ. ஓரிடத்தில் 8 செ.மீ. சேறாகவும் இன்னோரிடத்தில் 20 செ.மீ. பவுடராகவும் கிடப்பது இதனால்தான். நேரில் சோதிப்பது எளிது. கையுறை போட்ட கையால் ஒரு பிடி அள்ளி இறுக்குங்கள். விரலைத் திறந்ததும் மாவாக உதிர்ந்தால் காய்ந்த பனி. பிடிகொழுக்கட்டை மாதிரி விரல்தடம் பதிந்து நின்றால் ஈரம். பிழியும்போதே சொட்டினால் அன்று சறுக்குப்பலகை பிடித்துப் பிடித்து இழுக்கும். முழங்கால் திருகிக்கொள்வது இப்படிப்பட்ட நாளில்தான்.

கணிப்பை எத்தனை நாளுக்கு நம்பலாம்? பெட்டாலிங் ஜெயாவில் மழை கொட்டும்போது கிள்ளானில் வெயில் அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. மூன்று நாள் வரை எண்ணை நம்பலாம். ஐந்து முதல் ஏழு நாளுக்குப் போக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: குளிர் வருகிறதா, வெப்பம் வருகிறதா. பத்து நாளுக்கு அப்பால் காட்டும் சென்டிமீட்டரை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகளில் அமெரிக்காவுடையது, ஐரோப்பாவுடையது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் நம்பிக்கை கூடும். ஒன்று 5 செ.மீ., மற்றது 40 செ.மீ. என்றால் இன்னும் எதுவும் உறுதியாகவில்லை என்று பொருள்.

ஆகவே விமான டிக்கெட்டை முன்னறிவிப்பு பார்த்து வாங்க முடியாது; பருவம் பார்த்துத்தான் வாங்க வேண்டும். தீபாவளி விடுமுறைக்கு ஹொக்கைடோவில் சறுக்கப் பெரும்பாலும் வாய்ப்பில்லை. டிசம்பர் தொடக்கத்தில் லிஃப்டுகள் ஓடினாலும் மலைச்சரிவின் மூங்கில் புதர்கள் பனிக்கு மேல் தலைகாட்டிக்கொண்டிருக்கும். தைப்பூசமும் சீனப் பெருநாளும் வரும் ஜனவரி, பிப்ரவரிதான் உறுதியான காலம். விலையும் அப்போதுதான் உச்சம். கொரியாவின் குளிர்காலம் வறண்டது. அங்குள்ள தளங்கள் பெரும்பாலும் இயந்திரப் பனியை நம்பியவை. எனவே பனிப்பொழிவைத் தேடாமல், ஈரக்குமிழ் வெப்பநிலை (காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடுவது) மைனஸ் 2-க்குக் கீழே இறங்கும் இரவுகள் தொடர்ந்து வருகின்றனவா என்று பாருங்கள்.

ஹொக்கைடோவுக்கு ஒரு நல்ல அடையாளம் வானிலை வரைபடத்திலேயே இருக்கிறது. மேற்கே சைபீரியாப் பக்கம் உயர் அழுத்தம், கிழக்கே பசிபிக்கில் தாழ்வழுத்தம், நடுவே சமஅழுத்தக் கோடுகள் (ஒரே காற்றழுத்தமுள்ள இடங்களை இணைப்பவை) வடக்கு தெற்காக நெருக்கமாக ஓடினால், குளிர்ந்த வடமேற்குக் காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை வாரிக்கொண்டு வந்து மேற்கு மலைகளில் கொட்டும். தாழ்வழுத்தம் ஜப்பான் கடல் வழியாக வடக்கே நகர்ந்தால் எச்சரிக்கையாக இருங்கள்: அதன் முன்னால் தெற்கிலிருந்து வெப்பக்காற்று ஏறி வந்து, நடுக்குளிர்காலத்திலும் மழை பெய்யலாம்.

காற்றைப் பலர் கவனிப்பதே இல்லை. 30 செ.மீ. புதுப்பனி விழுந்த நாளில் பலத்த காற்றால் மேல் லிஃப்டுகள் நின்றுவிட்டால் அந்தப் பனி உங்களுக்கு இல்லை. உடம்புக்கும் காற்று சுமை. மைனஸ் 10 பாகையில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால் தோலுக்கு அது மைனஸ் 20 போலத் தெரியும். பிள்ளைகளின் கன்னத்தையும் மூக்கு நுனியையும் அடிக்கடி பாருங்கள். வெளுத்துப்போயிருந்தால் உடனே உள்ளே அழைத்துப் போங்கள்.

தளத்தின் அன்றாட அறிக்கையில் ‘பனி ஆழம் 200 செ.மீ.’ என்பதைவிட, எத்தனை லிஃப்டுகள் திறந்திருக்கின்றன, 24 மணி நேரப் புதுப்பனி எந்த உயரத்தில் அளக்கப்பட்டது என்பதே பயன்படும். கேமராப் படத்தையும் திறந்து பாருங்கள். ஜப்பான் நமக்கு ஒரு மணி நேரம் முன்னால் இருப்பதால், இங்கே பசியாறும் வேளையில் அங்கே லிஃப்டுகள் ஓடத் தொடங்கியிருக்கும்.

முந்தைய மூன்று நாள் வெப்பநிலையும் முக்கியம். பகலில் 3 பாகை, இரவில் மைனஸ் 6 என்று மாறி மாறி இருந்தால் மேற்பரப்பு உருகி இறுகிப் பனிக்கட்டியாகியிருக்கும். காலையில் பலகையின் விளிம்பு பிடிக்காது. வெயில் படும் சரிவு பத்து மணிக்கு மேல் இளகும் வரை பொறுங்கள். முதன்முறை சறுக்குபவர்களுக்கு எங்கள் பரிந்துரை, ஆழமான பவுடர் நாளைத் தேடாமல், பனி நின்று அடுத்த நாள், இயந்திரம் சமப்படுத்திய தளம். முழங்கால் ஆழப் பனியில் விழுந்தவருக்கு எழுந்து நிற்கவே நெடுநேரம் ஆகும்.

சறுக்குத் தளத்தின் எல்லைக் கயிற்றுக்கு வெளியே போக நினைப்பவர்கள் பனிச்சரிவு எச்சரிக்கையைப் படித்தே ஆக வேண்டும். 1 முதல் 5 வரை நிலைகள். 3 என்றால் நடுத்தரம் என்று எண்ணிவிடாதீர்கள். அந்த நிலையிலேயே உயிர்ச்சேதம் நிறைய நடந்திருக்கிறது. பெரும்பனி விழுந்த மறுநாள், காற்று மறைவான செங்குத்துச் சரிவில் பனி திரண்டு கிடக்கும்போது ஆபத்து அதிகம். நிசெகோவில் கயிற்றுக்கு வெளியே போகும் வாசல்களைத் திறப்பதும் மூடுவதும் அன்றன்று முடிவாகும். வாசல் மூடியிருந்தால் யார் அழைத்தாலும் கயிற்றைத் தாண்டாதீர்கள்.