பிரீமாண்டில் சிறையைப் பார்க்கப் போகும் ஊழியத் தம்பதியருக்கு

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் கிறிஸ்தவ ஊழியம் செய்யும் தம்பதியருக்கு ஒரு நாள் ஓய்வு கிடைத்தால், ரயிலேறி பக்கத்துத் துறைமுக ஊரான பிரீமாண்டிலுக்குப் போய்வாருங்கள். நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் பழைய சிறை இருக்கிறது. பிரிட்டனிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள், அங்கேயே வெட்டிய சுண்ணாம்புக் கல்லால் 1850களில் கட்டியது. 1991 வரை சிறையாகவே இயங்கியது. 2010இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

உள்ளே தனியாகச் சுற்ற விடமாட்டார்கள், வழிகாட்டியோடுதான் போக வேண்டும். ஆகவே நேரத்தை முன்பே பதிவு செய்துவிடுங்கள். முதன்முறை போகிறவர்கள் கைதிகள் காலத்தைச் சொல்லும் சுற்றையே எடுப்பது நல்லது. அன்றைய கைதி அறை 7 அடி நீளம், 4 அடி அகலம். உள்ளே நின்று கையை விரித்தாலே சுவர் இடிக்கும். சிற்றாலயத்தில் அவசரப்படாதீர்கள்: பீடத்துக்கு மேலே சுவரில் பத்துக் கட்டளைகள் எழுதப்பட்டிருக்கின்றன. பிரசங்கம் செய்கிறவர்கள் அங்கே சற்று உட்கார்ந்து, கைதிகளின் இடத்திலிருந்து அதைப் பார்க்கலாம்.

நிலத்துக்கு 20 மீட்டர் கீழே சுரங்கப் பாதைச் சுற்று ஒன்றும் உண்டு. ஏணியில் இறங்கி, சிறிது தூரம் படகிலும் போக வேண்டும். முழங்கால் வலி, இருட்டுப் பயம் உள்ளவர்களுக்கு அது வேண்டாம். ஒருவர் கீழே போக, மற்றவர் மேலே காத்திருப்பதில் தவறில்லை. எல்லாவற்றையும் ஜோடியாகவே செய்ய வேண்டுமா என்ன?

தூக்குமேடை அறையில் 44 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். மனம் ஒப்பவில்லை என்றால் வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு வெளியிலேயே நில்லுங்கள். கோடையில் முற்றங்களில் வெயில் கொளுத்தும். தொப்பி, தண்ணீர், மூடிய காலணி அவசியம்.