பழைய குதிரைப்படை வாளை ஆசிட் பக்கம் கொண்டுபோகாதீர்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டை ஒட்டிய ரப்பர் தோட்டம் ஒன்றில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர் வீட்டில், அலமாரிக்குப் பின்னால் ஒரு வாள் பல காலம் கிடந்தது. சீமைக்குத் திரும்பிய துரை விட்டுப்போனதாம். நான் பார்க்கப் போவதற்கு முதல் நாள், ரப்பர் பால் உறைய ஊற்றும் பார்மிக் ஆசிட்டால் பேரன் அதைத் தேய்த்துவிட்டார். "இப்ப பாருங்கண்ணே, புதுசு மாதிரி இருக்கு" என்று ஆசையோடு நீட்டினார். பிரிட்டிஷ் ராணுவத்தின் 1908 மாடல். கைக்காப்பை ஒட்டி அலகின் அடியில் இருக்க வேண்டிய முத்திரைகளை டார்ச் அடித்துத் தேடினேன். அம்புக்குறியின் ஒரு கால் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் சாம்பல் நிறத்தில் பொரிந்துபோன இரும்பு.

அந்த அம்புதான் 'இது அரசாங்கச் சொத்து' என்று சொல்வது. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டினால், ராணுவம் அதைக் கழித்துவிட்டது என்று பொருள். கிரீடம், எண், எழுத்து மூன்றும் சேர்ந்திருந்தால் பரிசோதகரின் முத்திரை. 'ஈ' என்ற ஆங்கில எழுத்து இங்கிலாந்தின் என்ஃபீல்டு ஆயுதத் தொழிற்சாலையைக் குறிக்கும். எந்தப் படைப்பிரிவு என்பதைக் கைக்காப்பில் தேட வேண்டும். இவை போய்விட்டால் அந்த வாள் யாருடையது என்று கேட்க வழியே இல்லை.

ஆகவே கறுத்த இரும்பை அப்படியே விடுங்கள். அது அலகின் தோல். சிவந்து உதிரும் துருவை மட்டும் தையல் மிஷின் எண்ணெயில் ஊறவைத்து, மூங்கில் சீவலால் மெல்லச் சுரண்டலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகக் கெட்டுப்போகும். புளியும் எலுமிச்சையும் ஆசிட்தான். முனீஸ்வரர் சன்னதி அருவாளைத் தேய்த்துத் தேய்த்துத்தான் நாம் கும்பிடுகிறோம், அது வழிபாடு. இந்த வாளுக்கு அந்தப் பழக்கம் ஆகாது. தெரியாமல் ஆசிட் பட்டுவிட்டால் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் உடனே கழுவி, ஈரமில்லாமல் துடைத்து எண்ணெய் பூசுங்கள். வெறுங்கையால் அலகைத் தொடாதீர்கள். வியர்வையின் உப்பு விரல் ரேகையாகவே துருப்பிடிக்கும்.

தோல் உறைக்குள் போட்டு மூடி வைப்பதும் தவறு. நம் ஊர் ஈரத்தைத் தோல் குடித்து வைத்துக்கொண்டு அலகுக்கு ஊட்டும். இரும்பு உறை என்றாலும், உள்ளே இருக்கும் மரத்தகடு அதே வேலையைச் செய்யும். வாளையும் உறையையும் தனித்தனியே வையுங்கள்.

சாணை பிடிக்கவே கூடாது. சமாதான காலத்தில் இவை மழுங்கலாகவே இருந்தன, போருக்குக் கிளம்பும்போதுதான் தீட்டினார்கள். விளிம்பில் பழைய தீட்டல் தடம் இருந்தால் அந்த வாள் போருக்குத் தயாரானது என்று அர்த்தம். புதுச் சாணை அந்தத் தடத்தை அழித்துவிடும்.

வாங்கும்போது விற்பவர் சொல்லும் கதையில் மயங்குகிறவர்கள் அதிகம். "ஜப்பான்காரன் குதிரையில வந்தப்ப வச்சிருந்தது" என்பார்கள். 1941 டிசம்பரில் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, தெற்கே வந்தது சைக்கிளிலும் டாங்கியிலும். 1948-இல் மலாயா அவசரகாலத்துக்கு, அதாவது கம்யூனிஸ்டுகளோடு நடந்த சண்டைக்கு, வந்த பிரிட்டிஷ் நான்காம் ஹுஸார் படை, பெயரில்தான் குதிரைப்படை. ஓட்டியது கவச வண்டி. அலகில் பதித்த பித்தளை வட்டத்தைப் பார்த்து அசல் என்று முடிவு செய்வதும் தப்பு, போலிகளிலும் அதைப் பதிக்கிறார்கள். கையுறை போட்டுக்கொண்டு அலகின் முதுகை விரலிடுக்கில் பிடித்து, காப்பிலிருந்து நுனிவரை ஓட்டிப் பாருங்கள். அசலில் கனம் சீராகக் குறைந்துகொண்டே போகும். மலிவுப் போலி பெரும்பாலும் ஒரே தகட்டில் வெட்டியது, கையில் கடப்பாரையாகக் கனக்கும்.

கைப்பிடி தந்தம் என்றால் நாடு விட்டு நாடு கொண்டுபோக அனுமதி வேண்டும். உள்ளூரிலும் தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் வாளோடு போவது 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எடுத்துப் போகுமுன் போலீஸ் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிராணியார் வீட்டு வாளின் உறை மட்டும் ஆசிட் படாமல் தப்பியது. அதன் வாய்ப்பட்டையில் ஏதோ ஓர் எண் இருக்கிறது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டேன். துணியால்கூடத் துடைக்க வேண்டாம் என்று பேரனிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.