விலையைச் சொல்லிப் புதையலை மறைக்கிறோமா? மகிழ்ச்சியுள்ள ஆராதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மத்தேயு 13ஆம் அதிகாரத்தில் இயேசு பரலோகராஜ்யத்தை நிலத்தில் புதைந்திருக்கிற பொக்கிஷத்துக்கு ஒப்பிடுகிறார்; அதைக் கண்ட ஒரு மனிதன் தனக்கு உண்டான எல்லாவற்றையும் விற்று அந்த நிலத்தை வாங்குகிறான். இந்தப் புதையல் உவமையை நம் சபைகளில் பெரும்பாலும் அர்ப்பணிப்புக்கான செய்தியாகவே கேட்டு வருகிறோம். "தனக்கு உண்டான எல்லாவற்றையும் விற்று" என்ற பகுதியைப் பிரசங்கியார் அழுத்திச் சொல்வார்; அதற்கு முன் நிற்கும் "அதைப்பற்றிய சந்தோஷத்தினாலே போய்" என்ற பகுதி வாசிப்போடு கடந்துபோய்விடும். ஆராதனையில் மகிழ்ச்சி குன்றுவது பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. அந்த மனிதன் எல்லாவற்றையும் விற்ற பிறகு சந்தோஷப்பட முயன்றவன் அல்லன். அவன் கண்டான், சந்தோஷப்பட்டான், அதன் பிறகே விற்றான்.

அடுத்து வரும் உவமையின் வியாபாரியும் அப்படியே. கொற்கைக் கடலில் குளித்தெடுத்த முத்துகள் ரோமப் பேரரசின் சந்தைகள்வரை சென்ற அந்த முதலாம் நூற்றாண்டில், முத்து மிக உயர்ந்த செல்வங்களில் ஒன்றாக மதிக்கப்பட்டது. நல்ல முத்துகளைத் தேடி அலைந்து, தரம் பார்க்கக் கற்றிருந்தவன் தனக்குண்டான அனைத்தையும் ஒரே முத்துக்காக விற்கிறான் என்றால், அதன் மதிப்பு அவனுக்குத் தெரிந்துவிட்டது என்றே பொருள். மாற்கு 10ஆம் அதிகாரத்தில், உள்ளதை விற்றுத் தரித்திரருக்குக் கொடுத்துவிட்டுத் தம்மைப் பின்பற்றும்படி இயேசு சொன்ன ஐசுவரியவானுக்கோ விற்க வேண்டியவை மட்டுமே கண்ணில் பட்டன. பரலோகத்தில் பொக்கிஷம் உண்டாயிருக்கும் என்று இயேசு சொல்லியும், அவன் துக்கத்தோடே போய்விட்டான். ஆகவே, அந்த ராஜ்யத்தின் ராஜாவாகிய தேவனின் இரக்கத்தையும் அவர் தரும் பாவமன்னிப்பையும் விவரிக்காமல், விட வேண்டியவற்றையும் கொடுக்க வேண்டியவற்றையும் மட்டும் வாரந்தோறும் அடுக்கிச் சொன்னால், சபையார் கடன் தவணை கட்ட வருபவர்களைப் போல ஆராதனைக்கு வந்து போவார்கள்.

இந்த வெறுமையை ஓசையால் நிரப்ப முயல்வது இரண்டாவது தவறு. கீபோர்டும் டிரம்ஸும் குற்றமுள்ளவை அல்ல. 150ஆம் சங்கீதம் எக்காளம் முதல் கைத்தாளம்வரை வாத்தியங்களை வரிசையாகவே அழைக்கிறது. ஆனால், பாடலின் பொருள் மனதில் இறங்குமுன் "இன்னும் சத்தமாக" என்று மக்களை முடுக்குவதால் உடல் சோர்கிறதே தவிர, உள்ளம் நிறைவதில்லை. ஒரு சரணத்தை நிதானமாக வாசித்து, அது கர்த்தரைப் பற்றி என்ன சொல்கிறது என்று ஓரிரு வாக்கியங்களில் விளக்கிவிட்டுப் பாடத் தொடங்குவது இதைவிட நல்ல வழி.

பாடும் முறையைக் கொண்டு பிறருடைய பக்தியை அளப்பதும் தவறே. கீர்த்தனை பாடுகிறவர்களை உயிரற்றவர்கள் என்றும், கை தட்டிப் பாடுகிறவர்களைப் பயபக்தியற்றவர்கள் என்றும் சொல்லும் வழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 2 சாமுவேல் 6ஆம் அதிகாரம் இரு தரப்பையும் எச்சரிக்கிறது. முதல் முறை தாவீது வாத்தியங்களோடும் ஆரவாரத்தோடும் தேவனுடைய உடன்படிக்கைப் பெட்டியைப் புது இரதத்தில் ஏற்றிக் கொண்டுவந்தபோது, கர்த்தர் கட்டளையிட்ட முறை கவனிக்கப்படவில்லை, பெட்டியைக் கையால் பிடித்த ஊசா மடிந்தான். அடுத்த முறை லேவியர் அதைத் தோளில் சுமந்தார்கள். தாவீது அப்போதும் நடனம் பண்ணினான். பயபக்தியைக் கற்ற பிறகும் அவனுடைய மகிழ்ச்சி குறையவில்லை. ஜன்னல் வழியாய்ப் பார்த்துத் தன் இருதயத்திலே அவனை அவமதித்த அவன் மனைவி மீகாளோ அந்த மகிழ்ச்சிக்கு வெளியே நின்றுவிட்டாள்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் வருத்துவது, துக்கத்தில் இருப்பவர்களிடம் மகிழ்ச்சியைக் கட்டாயமாகக் கேட்பதுதான். கணவரை அடக்கம் செய்து சில நாட்களே ஆன ஒரு சகோதரி ஆலயத்தில் அமர்ந்திருக்கும்போது, "முகவாட்டத்தை விட்டுவிட்டுக் கையைத் தட்டுங்கள்" என்று மேடையிலிருந்து சொல்வது விசுவாசத்தை வளர்க்காது. அவர் அடுத்த வாரம் வீட்டிலேயே இருந்துவிடுவார். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதையும் சேர்த்தே இஸ்ரவேலர் தங்கள் பாட்டுப்புத்தகத்தில் வைத்திருந்தார்கள். பிலிப்பி நகரச் சிறையில் அடிபட்ட உடலோடும் தொழுமரத்தில் மாட்டிய கால்களோடும் பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடியது உண்மைதான். ஆனால், அவர்களைப் பாடச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. சிறைக்கதவுகள் திறந்ததும் அவர்கள் பாடிய பிறகே. அத்தகைய மகிழ்ச்சி தேவன் தரும் ஈவு. அழுகிறவர்களுடனே அழுங்கள் என்று ரோமருக்கு எழுதியவரும் அதே பவுல்தான்.

"முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள்" என்ற வசனத்தை வேலை, வீடு, விசா கிடைப்பதற்கான வழியாக்குவதைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே கூடக் கொடுக்கப்படும் என்று சொல்லப்பட்டவை உணவும் உடையும். ராஜ்யமே தேடப்பட வேண்டிய பொருள்.

கடைசியாக, மகிழ்ச்சியை ஆலயக் கதவுக்குள் முடித்துக்கொள்ளும் தவறு. பாட்டுகளின் இரைச்சலை அகற்றச் சொன்ன ஆமோஸ் தீர்க்கதரிசி, நியாயம் தண்ணீரைப்போல் புரண்டுவர வேண்டும் என்றார். நெகேமியா 8ஆம் அதிகாரத்தில், காலமே தொடங்கி மத்தியானமட்டும் நியாயப்பிரமாணம் வாசிக்கப்பட்டு விளக்கப்பட்டபோது மக்கள் அழுதார்கள். கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்கள் பெலன் என்று அவர்களைத் தேற்றிய அதே வாக்கில், கொழுமையானதைப் புசிக்கவும், ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்குகளை அனுப்பவும் சொல்லப்பட்டது. வசனத்தை விளங்கிக்கொண்ட மக்கள் வீடுகளுக்குப் போய் அப்படியே செய்தார்கள்.