பூங்காவில் தொலைந்த நகையைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது மெட்டல் டிடெக்டரோடு பூங்காவுக்கு வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் போய் நாலு வார்த்தை சொல்லலாமா என்று மனசு அடித்துக்கொள்கிறது. நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே கோளாறுகளை அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். பேட்டரிக்கு சார்ஜ் போடாமல் வருவது, இரும்புப் பூண் வைத்த பூட்ஸ் காலோடு காயிலை (கருவியில் தரைமேல் ஓட்டும் தலைப்பகுதியை) ஒட்டி நடப்பது போன்றவை முதல் நாளே புரிந்துவிடும், அவற்றை எழுத வேண்டியதில்லை. தவறு என்றே தெரியாமல் வருஷக்கணக்கில் தொடர்கிற சில உண்டு. நகையைத் தொலைத்தவர் பக்கத்தில் கலங்கிப்போய் நிற்கும்போது அவைதான் காலை வாரும்.

"இங்கேதான் விழுந்தது" என்பதை அப்படியே நம்புவது

தொலைத்தவர் காட்டுவது பெரும்பாலும் நகை காணோம் என்று அவர் கவனித்த இடத்தை. அது விழுந்தது வேறெங்காவது இருக்கலாம். கருவியை ஆன் செய்வதற்கு முன் உட்கார்ந்து பேசுங்கள். கடைசியாக எப்போது விரலில் பார்த்தீர்கள்? பந்து வீசினீர்களா? கை கழுவி உதறினீர்களா? உட்கார்ந்திருந்த விரிப்பை எங்கே நின்று உதறி மடித்தீர்கள்? உதறிய கையிலிருந்து கழன்ற மோதிரம் நாம் நினைப்பதைவிடத் தள்ளிப் போய் விழும்.

1881இல் அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் தங்கிவிட்ட குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் தானே செய்த ஒரு கருவியோடு வந்தார். குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்று நம்பிய மருத்துவர் அந்தப் பக்கத்தை மட்டுமே தேட விட்டார். கட்டில் மெத்தையின் கம்பிச் சுருள்கள் வேறு குழப்பின. அதிபர் இறந்த பின் பரிசோதித்தபோது குண்டு முதுகெலும்புக்கு இடப்பக்கம் இருந்தது. கருவி எவ்வளவு நன்றாக இருந்தாலும், தேடும் இடம் தப்பாக இருந்தால் அதனால் என்ன செய்ய முடியும்?

டிஸ்க்ரிமினேஷனை ஏற்றி வைத்துக்கொண்டு தேடுவது

உலோகம் மின்சாரத்தைக் கடத்தும் திறனையும் பருமனையும் பொறுத்து கருவி திரையில் ஓர் எண்ணைக் காட்டும். வேண்டாத எண்களுக்குச் சத்தம் வராதபடி தடுக்கும் அமைப்புதான் டிஸ்க்ரிமினேஷன். இதைப் பேச ஆரம்பித்தாலே எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

பூங்காவில் குப்பை அதிகம். சாக்லேட் சுற்றிய ஃபாயில், பாட்டில் மூடி, எல்லாவற்றுக்கும் மேலாக கேன் மூடியின் இழுப்பு வளையம். 1959இல் அமெரிக்காவில் எர்மல் ஃப்ரேஸ் கண்டுபிடித்த பழைய வகை வளையம் இழுத்ததும் தனியே கழன்று கையோடு வந்துவிடும், குடித்தவர் அதைப் புல்லில் போட்டுவிட்டுப் போவார். 1975 வாக்கில் கேனோடு ஒட்டியே இருக்கும் மூடி வந்தது. ஆனால் பழையவை இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன, புதியவற்றையும் சிலர் பிய்த்துப் போடுகிறார்கள். அரை மணி நேரம் இவற்றையே தோண்டியவருக்கு அலுத்துவிடுகிறது. டிஸ்க்ரிமினேஷனை ஏற்றி அந்த எண்களையெல்லாம் ஊமையாக்கிவிடுகிறார். அந்த எண்களில்தான் தங்க மோதிரமும் இருக்கிறது.

சுத்தத் தங்கம் மின்சாரத்தைக் கடத்துவதில் வெள்ளிக்கும் செம்புக்கும் அடுத்த இடத்தில் வரும். ஆனால் நகை செய்ய வேறு உலோகம் கலந்ததும் கடத்துதிறன் வெகுவாக இறங்கிவிடுகிறது. 18 கேரட் என்றால் ஆயிரத்தில் 750 பங்குதான் தங்கம், 14 கேரட்டில் 585. அதனால் திரையில் மெல்லிய மோதிரம் ஃபாயில் பக்கமும், நடுத்தர மோதிரம் கேன் வளையத்தின் பக்கமும் வந்து உட்காரும். பருத்த மோதிரம் இன்னும் மேலே போகும். வெள்ளி மோதிரமானால் உயர்ந்த எண் காட்டும், அதற்கு இந்த ஆபத்து குறைவு. கேன் வளையத்தை ஒதுக்கிவிட்டு, அதே எண் காட்டும் தங்க மோதிரத்தை மட்டும் கேட்கவைக்க டிஸ்க்ரிமினேஷனால் முடியாது.

ஒரு பெண் புல்வெளியில் கல் வைத்த மோதிரத்தைத் தொலைத்திருந்தார். உதவிக்கு முதலில் வந்தவர் புதியவர். நல்ல கருவி, நல்ல மனசு. குப்பை சத்தமே கேட்காதபடி வைத்துக்கொண்டு மதியம் முழுக்க நடந்தார். கடைசியில், "இங்கே இல்லைம்மா, யாராவது எடுத்துட்டுப் போயிருப்பாங்க" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணும் தேடுவதை விட்டுவிட்டார். அடுத்த வாரம் புல் வெட்டும் இயந்திரம் அந்த வழியாக ஓடியது.

அதற்குப் பிறகுதான் யாரோ சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். எல்லா உலோகமும் ஒலிக்கும்படி வைத்து, கயிறு கட்டி வரிசை பிரித்து நடந்தேன். ஹெட்போனில் மெலிந்து உடைந்த ஒரு சத்தம். எண் கேன் வளையத்துக்கும் கீழே. மண்ணைத் தோண்டவே தேவைப்படவில்லை, புல்லின் அடியில் வேரோடு சிக்கிக் கிடந்தது. ஓரிடத்தில் வெட்டுப்பட்டு இரு முனையும் விலகியிருந்தன. கல்லைப் பிடித்திருந்த கம்பிகள் நசுங்கிப் படுத்திருந்தன. உள்ளங்கையில் வாங்கியதும் அவர் கேட்டது ஒரே வார்த்தை: "கல்லு?" மண்ணைச் சலித்துப் பார்த்தோம், அகப்படவில்லை. கல் டிடெக்டருக்குக் கேட்காது.

வெட்டுப்பட்ட மோதிரத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. முழு வளையத்தில் கருவி தூண்டும் மின்னோட்டம் சுற்றி வரும், அதனால் சத்தம் உரக்க வரும். வளையம் அறுந்தால் சுற்ற வழியில்லை, சத்தம் சுருங்கிப்போகும். முதல் நாள் அது முழுசாகக் கிடந்தபோது எவ்வளவு தெளிவாக ஒலித்திருக்கும் என்று நினைத்தால் ஆறவே மாட்டேன் என்கிறது.

ஆகவே தங்க நகை தேடும்போது தோண்டிச் சலிக்க மனசைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். தொலைத்தவரிடம் அதே உலோகத்தில், ஏறக்குறைய அதே பருமனில் வேறு மோதிரம் இருந்தால் வாங்கிப் புல்மேல் வைத்து, காயிலை ஓட்டி, எண்ணையும் சத்தத்தையும் பழகிக்கொள்ளுங்கள். அகப்படாவிட்டால், எந்தப் பகுதியை எப்படித் தேடினீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். "இல்லை" என்ற சொல்லை வாயில் எடுக்காதீர்கள். அதைக் கேட்டவர் தேடுவதையே நிறுத்திவிடுவார்.

சென்சிடிவிட்டியை உச்சத்தில் வைப்பது

நேற்று விழுந்த நகை புல்லில்தான் கிடக்கும். ஆழத்துக்கு ஆசைப்பட்டு சென்சிடிவிட்டியை, அதாவது கருவியின் உணர்திறனை, ஏற்றினால், மின்கம்பி, விளக்குக் கம்பம், பக்கத்தில் இயங்கும் இன்னொரு டிடெக்டர் எல்லாம் சேர்ந்து கருவியைப் பிதற்றவைக்கும்.

காயிலை ஊஞ்சல் போல ஆட்டுவது

இரு ஓரத்திலும் தரையைவிட்டு எழும்புகிறது. தாழ்வாக, மட்டமாக, மெதுவாக.

சங்கிலியையும் மோதிரம் மாதிரியே தேடுவது

மெல்லிய சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் கருவிக்குத் தனித்தனிப் பொடி. முழு நீளமும் புல்லில் கிடந்தாலும் கொக்கியோ டாலரோ மட்டும் மினுக்கென்று ஒலிக்கலாம். கம்மலும் அப்படித்தான். சின்ன காயில், உயர்ந்த அலைவரிசை, ஃபாயில் எண்ணைவிடக் கீழே வரும் கீச்சுச் சத்தத்தையும் விடாமல் பார்ப்பது, இவைதான் கைகொடுக்கும். பல நேரம் கருவியை ஓரமாக வைத்துவிட்டு, வெயில் சாய்ந்த வேளையில் தரையோடு குனிந்து கண்ணால் பார்ப்பதே பலன் தரும்.

சத்தம் வந்ததும் கரண்டியைக் குத்துவது

பின்பாயின்டரால் (சரியான இடத்தைக் காட்டும் சின்னக் கைக்கருவி) இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், முதலில் விரலால் புல்லை விலக்குங்கள். மண்வெட்டிக் கரண்டியின் முனை பட்ட தங்கத்தில் விழுந்த வடு போகாது. தோண்டித்தான் ஆக வேண்டும் என்றால் மூன்று பக்கம் வெட்டி, நாலாவது பக்கம் வேரோடு இருக்கும்படி புல்லை மூடிபோல் திருப்புங்கள். மண்ணை ஒரு துணியில் கொட்டுங்கள், அப்படியே திரும்ப நிரப்பி மிதித்துவிடலாம். மண் காய்ந்திருக்கும் காலத்தில் இப்படி வெட்டினால் அந்த இடத்துப் புல் கருகிவிடும், அப்போது வெட்டவே வேண்டாம்.

மண் ஒட்டிய நகையைச் சட்டையில் தேய்ப்பது

கூடாது. தண்ணீரில் அலசுங்கள்.

அனுமதி கேட்காமல் இறங்குவது

பூங்காவை நிர்வகிப்பவர்களிடம் முதலில் கேளுங்கள். பல இடங்களில் டிடெக்டருக்கே தடை உண்டு, தொல்பொருள் இருக்கும் நிலமானால் சட்டம் இன்னும் கடுமை. தொலைத்தவரையும் கூடவே அழைத்துப் போங்கள், நோக்கம் அவர்களுக்குப் புரியும்.

ஒன்று கிடைத்ததும் குழியை மூடுவது

கேன் வளையம் வந்ததும் சலிப்போடு மண்ணைத் தள்ளிவிடுகிறார்கள். குப்பையின் சத்தம் பக்கத்தில் கிடப்பதன் சத்தத்தை மறைத்திருக்கலாம். வந்ததை அப்புறப்படுத்திவிட்டு, குழியின் மேலும் துணியிலுள்ள மண்ணின் மேலும் ஒருமுறை காயிலை ஓட்டிவிட்டு மூடுங்கள்.