கடும் அலர்ஜி உள்ள பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலர்ஜி என்றால் தடிப்பு, அரிப்பு, ஒரு அவில் மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வெறும் தடிப்புக்கு அது சரி. ஆனால் முட்டையோ இறாலோ வேர்க்கடலையோ சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் பிள்ளைக்குக் குரல் கம்மி, மூச்சு இழுத்து, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்துத் துவண்டு போனால் அவிலை நம்பிக் காத்திருக்கவே கூடாது. தொண்டை வீங்குவதையும் ரத்த அழுத்தம் இறங்குவதையும் மாத்திரை நிறுத்தாது, தொடையின் வெளிப்பக்கச் சதையில் உடனே போடும் அட்ரினலின் ஊசிதான் நிறுத்தும். தடிப்பே இல்லாமலும் இப்படி வரும்.

அடுத்தது, வகுப்பு டீச்சரிடம் மட்டும் சொல்லிவிட்டு நிம்மதியாக இருப்பது. சோறு போடுவது அவரில்லையே! சத்துணவு அமைப்பாளர், சமையலர், ஆயா எல்லோருக்கும் தெரிய வேண்டும். 2023 ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுக்க விரிந்த காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர்கள் மகளிர் குழுப் பெண்கள், கோதுமை ஆகாத பிள்ளைக்குக் கோதுமை ரவை உப்புமா போடக் கூடாது என்பதை அவர்களிடமும் தனியாகச் சொல்லுங்கள். முட்டையை எடுத்து வைத்துவிட்டுச் சோற்றை மட்டும் சாப்பிடு என்பதும் ஆபத்துதான், மசாலாவிலும் கரண்டியிலும் ஒட்டியிருக்கும். பிறந்தநாள் சாக்லேட், கடலை மிட்டாய், ஆயுதபூஜைச் சுண்டல் இவையெல்லாம் சத்துணவுக் கூடத்துக்கு வெளியே வருபவை. செக்குக் கடலை எண்ணெயிலும் கடலையின் புரதம் தங்கியிருக்கும்.

சாப்பாடு மட்டுமில்லை, கதண்டு என்கிற பெரிய குளவி கொட்டினாலும் இப்படி ஆகலாம். பள்ளியை ஒட்டிய பனையிலோ தென்னையிலோ கதண்டுக் கூடு இருந்தால் தலைமையாசிரியரிடம் சொல்லித் தீயணைப்புத் துறையை அழைக்கச் சொல்லுங்கள். கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டும் மிளகு மெல்லக் கொடுத்துக்கொண்டும் நேரத்தை விடாதீர்கள்.

பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவது நம் பக்கத்தில் வழக்கம், ரத்த அழுத்தம் இறங்கிய பிள்ளைக்கு அது உயிருக்கே ஆபத்து. படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு முட்டினால் மட்டும் சாய்ந்து உட்காரட்டும், நடக்க விடவே கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். உள்கிராமம், வண்டி வர நேரமாகும் என்றால் காரின் பின்சீட்டில் படுக்க வைத்துக் கொண்டுபோங்கள்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் பையிலேயே வைத்திருக்கும் பேனா போன்ற அட்ரினலின் ஊசி இங்கே மெடிக்கலில் சுலபமாகக் கிடைப்பதில்லை. அதனால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் எத்தனை மணி வரை, மூடியிருந்தால் எந்த ஆஸ்பத்திரி என்று ஜூன் மாதமே கேட்டு எழுதிப் பள்ளியில் கொடுத்துவிடுங்கள். அப்புறம், ஊசி போட்டதும் பிள்ளை தெளிந்துவிட்டதே என்று உடனே வீட்டுக்குக் கூட்டி வராதீர்கள், சில மணி நேரம் கழித்து மறுபடி வரலாம், டாக்டர் அனுப்பும்வரை அங்கேயே இருங்கள்.