சாலட் டிரெஸ்ஸிங் பாட்டிலில் பலரும் ஏமாறும் இடங்கள்

கும்பகோணத்து சூப்பர் மார்க்கெட்டுகளில் இப்போது சாஸ் வரிசைக்குப் பக்கத்திலேயே சாலட் டிரெஸ்ஸிங்கும் நிற்கிறது. சர்க்கரை, பிரஷர் என்று என்னிடம் உணவு ஆலோசனைக்கு வருபவர்கள் அந்த பாட்டிலையும் கையோடு கொண்டுவந்து காட்டுகிறார்கள். காலாவதி தேதி பார்க்கச் சொல்லி யாருக்கும் நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. புதிதாக வாங்குகிறவர்கள் அதே சில இடங்களில் திரும்பத் திரும்பச் சறுக்குவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

லேபிளில் 'ஒரு தடவைக்கு' என்று போட்டிருக்கும் எண்ணை நம்புவது

இது இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுகிறது. மாயவரத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். டாக்டர் சொன்னபடி ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் எல்லாவற்றையும் நிறுத்தியவர். பிரஷர் மட்டும் இறங்கவில்லை. ராத்திரி வெள்ளரிக்காயும் கேரட்டும் நறுக்கி, மேலே டிரெஸ்ஸிங் ஊற்றிச் சாப்பிடுகிறாராம். "ஒரு தடவைக்கு 150 மில்லிகிராம் சோடியம்தானே மேடம் போட்டிருக்கு?" என்றார். வீட்டில் ஊற்றுகிற மாதிரியே ஒரு கிண்ணத்தில் ஊற்றச் சொல்லி, டேபிள்ஸ்பூனால் அளந்தோம். ஐந்து ஸ்பூன் வந்தது. லேபிள் சொல்லும் 'ஒரு தடவை' 15 கிராம், அதாவது ஒரே ஒரு ஸ்பூன். அப்படியானால் அவர் சாப்பிட்டது 750 மில்லிகிராம் சோடியம். பிரஷரை ஏற்றும் உப்பில் இருப்பதும் இதே சோடியம்தான். ஒரு நாள் முழுவதற்கும் 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர் வாயைக் கட்டியது பாதி வீணாகிப் போனது.

கெட்டியான டிரெஸ்ஸிங் ஒரு ஸ்பூனில் ஒரு கிண்ணம் காய்க்குப் பரவாது. அதனால் லேபிளில் 100 கிராமுக்கான கட்டத்தை மட்டும் பாருங்கள். இரண்டு பாட்டில்களை ஒப்பிடவும் அதுதான் சரி. வீட்டில் ஸ்பூனால் அளந்து எடுத்து, எலுமிச்சைச் சாறோ கொஞ்சம் மோரோ விட்டு இளக்கிக்கொண்டால் காய் முழுக்கப் படியும்.

'ஃபேட் ஃப்ரீ' (கொழுப்பு இல்லாதது) என்பதை நம்புவது

எண்ணெய் போன இடத்தில் பெரும்பாலும் சர்க்கரையும் ஸ்டார்ச்சும் வந்து உட்காரும். கேரட், தக்காளியின் சத்து உடம்பில் சேரவே கொஞ்சம் எண்ணெய் வேண்டும்.

முட்டை இல்லாவிட்டால் கொழுப்பும் இல்லை என்று நினைப்பது

2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸைத் தமிழக அரசு ஓராண்டுக்குத் தடை செய்த பிறகு இந்த எண்ணம் கூடிவிட்டது. தடைக்குக் காரணம் கிருமி, கொழுப்பு அல்ல. எக்லெஸ் (முட்டை இல்லாத) மயோனைஸிலும் முக்கால்வாசி நேரம் முதல் பொருள் எண்ணெய்தான்.

முன்பக்கத்து ஆலிவ் படம்

பின்பக்கம் திருப்புங்கள். எடை அதிகமான பொருள்தான் பட்டியலில் முதலில் வரும். பல பாட்டில்களில் சோயா எண்ணெய் தலையிலும் ஆலிவ் எண்ணெய் வாலிலும் இருக்கும். முதல் மூன்றுக்குள் சர்க்கரை வந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். லிக்விட் குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ், தேன் எல்லாம் சர்க்கரைக் கணக்குதான்.

திறந்த பாட்டிலை மேடையிலேயே விடுவது

ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

தினமும் பாட்டில்தான் என்று முடிவு கட்டுவது

ராமநவமிக்குச் செய்கிற கோசுமல்லியை மற்ற நாளிலும் செய்யலாமே. ஊறவைத்த பயத்தம்பருப்பு, வெள்ளரி, எலுமிச்சை, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயில் கடுகு தாளிப்பு. உப்பை மட்டும் பரிமாறும்போது போடுங்கள். முன்னாலேயே போட்டால் வெள்ளரி தண்ணீர் விட்டு, கை இன்னொரு சிட்டிகை உப்புக்குப் போகும்.